தவிட்டோடு போன உயிர்

நோய் என்றாலே அது வெளியிலிருந்து வருவது என்று எண்ணிப் பழகிவிட்டோம். கெட்ட காற்று, அசுத்த நீர், கண்ணுக்குப் புலப்படாத கிருமி ஆகியவற்றுள் ஏதோ ஒன்று நம் இல்லத்தின் வாயிலைக் கடந்து உள்ளே வருவதாக ஒரு சித்திரம் நம் மனத்தில் ஆழப் பதிந்துள்ளது. ஆனால் எதுவும் வராமலேயே, நம் அன்றாட வாழ்விலிருந்து ஒன்று சத்தமின்றி விலகிச் செல்வதாலும் மனிதன் நோயுற்று மடியக்கூடும். இந்த எளிய உண்மையை உணர்ந்துகொள்ள மருத்துவ உலகிற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அந்த அரை நூற்றாண்டின் வரலாறு நம் வீட்டு அடுப்பில் கொதிக்கும் சோற்றுப் பானையோடு தொடர்புடையது. தமிழரின் புழுங்கலரிசிக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

கால்களைக் கட்டிப்போட்ட நோய்

பெரிபெரி என்பது அந்நோயின் பெயர். ‘இயலாது, இயலாது’ என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததாகப் பொதுவாகக் கூறுவர். முதலில் கால்கள் மரத்துப்போகும், நடை தளரும். சிலருக்குத் தசைகள் வற்றி உடல் எலும்புக்கூடாகும்; வேறு சிலருக்குக் கால்களில் நீர் கோத்து வீங்கும். இறுதியில் இதயம் செயலிழக்கும். நேற்றுவரை மண்வெட்டி பிடித்து உழைத்தவன் இன்று மூச்சுத் திணறி மாண்டுபோவான்.

கிழக்காசிய நாடுகளில் இந்நோய் பழங்காலம் முதலே அறியப்பட்டிருந்தது. எனினும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் அது பெருவாரியாகப் பரவலாயிற்று. இரங்கூன், பாங்காக், சைகோன் போன்ற துறைமுக நகரங்களில் நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் எழுந்த காலம் அது. உரலும் உலக்கையும் ஒரு நாள் முழுவதும் செய்த வேலையை ஆலை சில நிமிடங்களில் முடித்தது. உமியோடு தவிட்டையும் முற்றாகச் சீவி எறிந்து, முத்துப்போல் வெளுத்த அரிசியைக் கொட்டியது. அவ்வரிசி கெடாமல் நெடுநாள் இருந்தது, கப்பலில் ஏற்ற வசதியாயிற்று, பார்க்கவும் அழகாயிருந்தது. கப்பல் மாலுமிகள், படைவீரர்கள், சுரங்கக் கூலிகள், சிறைக்கைதிகள் என, தம் உணவைத் தாமே தேர்ந்துகொள்ள இயலாத மக்கள் கூட்டத்திற்கு அதுவே சோறாயிற்று. பெரிபெரியும் அவர்களையே தேடிப் பிடித்தது.

ஜப்பானியக் கடற்படையில் கனெஹிரோ தகாகி என்னும் மருத்துவர் இருந்தார். 1882-ஆம் ஆண்டின் இறுதியில் ‘ரியூஜோ’ என்னும் பயிற்சிக் கப்பல் 376 பேருடன் நெடும்பயணம் புறப்பட்டது. அவர்களுள் 169 பேர் பெரிபெரியால் தாக்குண்டனர். 25 பேர் இறந்தனர். 1884-இல் ‘சுக்குபா’ என்னும் கப்பலைத் தகாகி அதே வழியில் அனுப்பச் செய்தார். ஆனால் வெண்ணரிசியைக் குறைத்து இறைச்சி, பால், ரொட்டி முதலியவற்றைச் சேர்த்தார். இம்முறை 14 பேருக்கே நோய் கண்டது, ஒருவரும் இறக்கவில்லை. புரதக் குறைவே நோய்க்குக் காரணம் என்று தகாகி கருதியது பிழைதான். ஆயினும் பிழையான காரணத்தைக் கொண்டே அவர் கடற்படையைக் காப்பாற்றினார்.

தரைப்படை அவருக்குச் செவிசாய்க்கவில்லை. நோயெல்லாம் கிருமியால் வருவதே என்னும் ஜெர்மானிய மருத்துவக் கல்வியில் ஊறியிருந்த தரைப்படை மருத்துவர்கள் வெண்சோற்றையே தொடர்ந்து வழங்கினர். நவீன ஜப்பானிய இலக்கியத்தின் தூண்களுள் ஒருவராகப் போற்றப்படும் மோரி ஓகாய் அவர்களுள் ஒருவர் என்பது எண்ணத்தக்கது. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் பெரிபெரிக்குப் பலியான ஜப்பானிய வீரர்கள் ஏறத்தாழ 27,000 பேர். கற்றறிந்தோரும் மனித உள்ளத்தை நுட்பமாக உணர்ந்தோரும்கூடத் தாம் கற்ற கொள்கைக்கு அடிமையாகும்போது, கண்முன் நிகழும் மரணத்தையும் காணாது போவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கோழிகள் சொன்ன செய்தி

டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த ஜாவாவிலும் இதே துயரம். நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறியுமாறு 1886-இல் ஓர் ஆய்வுக்குழு அனுப்பப்பட்டது. அக்குழுவினர் தாயகம் திரும்பியபோது, கிறிஸ்டியான் எய்க்மன் என்னும் இளம் மருத்துவர் பத்தேவியாவில் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பேற்றார். 1889-இல் அவருடைய கோழிகள் திடீரென்று கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்களுக்குப் பின், எந்த மருந்துமின்றித் தாமாகவே குணமடைந்தன.

காரணத்தைத் தேடியபோது வியப்பான ஒரு செய்தி வெளிப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனையின் சமையற்கூடத்தில் மீந்த வெண்சோறு இரையாக இடப்பட்டிருந்தது. பின்னர் வந்த சமையற்காரர், இராணுவத்தாரின் சோற்றை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தர இயலாது என்று மறுத்துவிட்டார். கோழிகள் மீண்டும் தீட்டாத அரிசிக்குத் திரும்பின, நோயும் நீங்கிற்று. பெயரறியாத அந்தச் சமையற்காரரின் கண்டிப்பு மருத்துவ வரலாற்றில் ஒரு புதிய வாயிலைத் திறந்துவிட்டது.

கோழிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்துமா? எய்க்மனின் நண்பரும் ஜாவாவின் சுகாதார ஆய்வாளருமான வோர்டர்மன் இவ்வினாவிற்கு விடை தேடி 101 சிறைச்சாலைகளின் நிலையை ஆராய்ந்தார். அந்தந்த வட்டாரத்து வழக்கப்படி ஒவ்வொரு சிறையிலும் ஒவ்வொரு வகை அரிசி வழங்கப்பட்டு வந்தது. தவிடு நீங்காத அரிசி வழங்கிய 37 சிறைகளுள் ஒன்றில் மட்டுமே பெரிபெரி இருந்தது. இருவகை அரிசியும் கலந்து வழங்கிய 13 சிறைகளுள் 6-இல் இருந்தது. வெண்ணரிசி மட்டும் வழங்கிய 51 சிறைகளுள் 36-இல் இருந்தது. கட்டடத்தின் வயதோ, காற்றோட்டமோ, நெரிசலோ இந்த வேறுபாட்டை விளக்கப் போதவில்லை.

எய்க்மன்கூட முதலில் இதனைத் தலைகீழாகவே புரிந்துகொண்டார். அரிசி மாவில் ஒரு நஞ்சு உண்டு, தவிட்டில் அதற்கு மாற்று மருந்து உண்டு என்று அவர் கருதினார். அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ் என்பவரே 1901-இல், நஞ்சென்று ஒன்றுமில்லை, உயிர் வாழத் தேவையான ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது என்று தெளிவாக உரைத்தார். இல்லாமையும் ஒரு நோய்க்காரணி ஆகலாம் என்னும் எண்ணம் இவ்வாறு பிறந்தது.

ஒரே மண்ணில் மூன்று சோறு

இனி மலாயாவிற்கு வருவோம். ஈயச் சுரங்கங்களில் உழைக்கச் சீனர் ஆயிரக்கணக்கில் அங்கே வந்திறங்கினர். கரும்பு, காப்பி, பின்னர் இரப்பர்த் தோட்டங்களில் உழைக்கத் தமிழர் சென்றனர். மலாய் மக்களோ தத்தம் ஊர்களில் தம் வயலில் விளைந்ததை உண்டு வாழ்ந்தனர். மூன்று இனத்தாரும் அதே வெயிலிலும் அதே மழையிலுமே இருந்தனர். ஆனால் பெரிபெரி மருத்துவமனைகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்களே. மலாய்க் கிராமத்தாரிடம் அது அரிது, தமிழரிடமும் அரிது.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் அரசு மருத்துவராயிருந்த பிராடன் இந்த வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினார். நோய் நிலத்திலிருந்து எழுவதாயின் மூவரையும் ஒருங்கே பற்றியிருக்க வேண்டும். வறுமையே காரணமெனின் தமிழரைத்தான் முதலில் வீழ்த்தியிருக்க வேண்டும். ஏனெனில் அவர்கள் வறுமையில் யாருக்கும் குறைந்தவரல்லர். ஆகவே அவர் மூவரின் சோற்றையும் ஆராய்ந்தார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெண்பச்சரிசி. மலாய் மக்கள் உண்டது வீட்டில் அவ்வப்போது குத்திய, தவிடு முழுதும் நீங்காத அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1907-இல் வெளியிட்ட பெருநூலில் அவர் இதனை விரித்துரைத்தார். வெண்ணரிசி தேங்கிக் கிடக்கும்போது அதில் ஒரு நஞ்சு உண்டாகிறது என்று அவரும் கருதியது பிழையே. ஆனால் எந்த அரிசியில் ஆபத்து உண்டு என்று அவர் சுட்டியது முற்றிலும் சரி.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்பவர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, ஒன்றுவிட்டு ஒருவராக இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்குச் சயாம் வெண்ணரிசி. மற்றொரு பிரிவினருக்கு இந்தியப் புழுங்கலரிசி. ஓராண்டில் வெண்ணரிசிப் பிரிவில் பலர் பெரிபெரியுற்றனர். அவர்களுள் 18 பேர் மாண்டனர். மற்றொரு பிரிவிலோ, முன்னரே நோயுடன் சேர்க்கப்பட்டிருந்த இருவரைத் தவிர எவருக்கும் நோயில்லை. அறிவியலுக்கு இது வெற்றி. ஆயினும் அந்தப் 18 பேரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும், கேட்டிருந்தாலும் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

அதன்பின் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், சாலை அமைக்கக் காட்டுப்பகுதிக்குச் சென்ற ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு குழுவாக்கி ஆராய்ந்தனர். ஏறத்தாழ மூன்று மாதத்தில் வெண்ணரிசிக் குழுவில் பெரிபெரி தோன்றியது. உடனே அவர்களைப் புழுங்கலரிசிக்கு மாற்றவே நோய் நின்றது. புழுங்கலரிசிக் குழுவை நோய் கண்ட அதே இடத்திற்குக் கொண்டுசென்றபோதும் அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. பின்னர் அவர்களுக்கு வெண்ணரிசி கொடுக்கவே, அவர்களிடையேயும் நோய் தலைகாட்டியது. இடமும் அன்று, தொற்றும் அன்று, சோறே காரணம் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது.

நெல் அவித்த கைகள்

புழுங்கலரிசியில் அப்படியென்ன இருக்கிறது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. வெப்பத்தால் மாவுப்பொருள் இறுகி அச்சத்தைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. ஆகவே, பின்னர் ஆலையில் தீட்டினாலும் கணிசமான பகுதி அரிசியிலேயே தங்கிவிடுகிறது. இந்தச் சத்தே பிற்காலத்தில் தயமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் பெயர் பெற்றது. உண்ணும் சோற்றை உடல் ஆற்றலாக மாற்ற இது இன்றியமையாதது. சோறு மிகுந்தால் இதன் தேவையும் மிகும். உடலோ இதனைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை.

நம் முன்னோர் இதனையெல்லாம் அறிந்தே நெல்லை அவித்தார்கள் என்று சொல்வது வரலாறாகாது. அவித்த நெல் குத்தும்போது அதிகம் நொறுங்காது, குருணை குறையும், பூச்சி எளிதில் அண்டாது, சோறு பசி தாங்கும். இத்தகைய கண்கண்ட காரணங்களுக்காகவே அவ்வழக்கம் வேரூன்றியிருக்க வேண்டும். பெரிய அண்டாவில் நெல்லை ஊறப்போட்டு, விடியுமுன் எழுந்து அவித்து, களத்தில் பரப்பி, காலால் துழாவிக் காயவைத்த பெண்கள் தாம் ஒரு கொடிய நோய்க்கு அணை கட்டுகிறோம் என்று அறிந்திலர். அறியாமலே காத்தார்கள். ஒரு பழக்கம் தன்னுள் எதைச் சுமந்து வருகிறது என்பதை அது கைவிடப்பட்ட பின்னரே நாம் அறிகிறோம்.

இதனால் தமிழர் பெருமிதத்தில் மிதக்கவும் வேண்டியதில்லை. குன்னூரில் 1918 முதல் பெரிபெரியையும் சத்துக்குறைவு நோய்களையும் ஆராய்ந்த ராபர்ட் மக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவு வகைகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி, பழம் ஆகியன சேர்ந்த வடமேற்குப் பகுதியின் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. சோறே பெரும்பகுதியாய் அமைந்த சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்து நலிந்தன. புழுங்கலரிசி பெரிபெரியிலிருந்து நம்மைக் காத்தது மெய்; தட்டு நிறையச் சோறும் தொட்டுக்கொள்ளச் சிறிதளவு குழம்பும் முழு உணவாகாது என்பதும் மெய். அந்தக் குன்னூர் ஆய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகத் திகழ்கிறது.

நெல்லூரில் பிறந்த ஒரு குழந்தை

இவ்வரலாற்றின் இறுதிப் பகுதியும் நம் மண்ணைத் தொட்டே செல்கிறது. 1886-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், அமெரிக்க பாப்டிஸ்ட் மறைப்பணியாளர் குடும்பமொன்றில் ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தார். வேதியியலாளராக மணிலா சென்ற அவரிடம், 1910-இல் எட்வர்ட் வெடர் என்னும் இராணுவ மருத்துவர் தவிட்டுச் சாற்றைக் கொடுத்து, அதிலுள்ள மருந்துப்பொருளைப் பிரித்துத் தருமாறு வேண்டினார். மணிலாவில் அப்போது தாய்ப்பால் அருந்தும் பச்சிளங்குழந்தைகள் பெரிபெரியால் இறந்துகொண்டிருந்தன. தாயின் சோற்றில் இல்லாதது அவள் பாலிலும் இல்லாது போயிற்று. மரணத்தின் பிடியிலிருந்த குழந்தைகள் தவிட்டுச் சாறு புகட்டப்பட்ட சில மணி நேரத்தில் கண் விழித்தன.

1912-இல் கசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ என்னும் வகையில் பெயரிட்டார். 1926-இல் யான்சன், டோனத் என்னும் இருவர் ஜாவாவில் பெருமளவு தவிட்டிலிருந்து மிகச் சிறிதளவு படிகத்தைப் பிரித்தெடுத்தனர். 1929-இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. 26 ஆண்டுகள் விடாது முயன்ற வில்லியம்ஸ் 1936-இல் தயமினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டினார். தம் கண்டுபிடிப்பின் உரிமைத் தொகையைச் சத்துக்குறைவு நோய்களை ஒழிப்பதற்கான நிதியமாக்கினார். மாடுகளுக்குக் கழுநீரில் கரைத்து ஊற்றப்பட்ட தவிட்டின் மதிப்பை அறிய உலகம் நடந்த நெடுந்தொலைவு இது.

கரண்டி யார் கையில்?

ஆலை கேடு, உலக்கை நலம் என்று இவ்வரலாற்றைச் சுருக்கிவிடலாமா? 1934-இல் வார்தாவில் தொடங்கப்பெற்ற அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் கைக்குத்தலரிசியைப் பரப்பப் பெரிதும் முயன்றது. அதன் செயலாளராயிருந்தவர் தஞ்சையில் பிறந்த கிறிஸ்தவரான ஜே. சி. குமரப்பா. ஆலை அரிசியோடு ஊரின் உடல்நலமும் ஊராரின் பிழைப்பும் சேர்ந்தே வெளியேறுகின்றன என்பது அவர்தம் கவலை. அக்கவலை நியாயமானதே. ஆயினும் நாள்தோறும் நெல் குத்திக் கை காய்த்துப்போன பெண்களின் தோள்வலியையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அவர்களை மீண்டும் உரலடிக்கு அனுப்பிவிட்டு நாம் நலமாயிருக்க விரும்புவது அறமன்று. ஒரு பழக்கத்தைக் கைவிடும்போது அதனோடு எது போகிறது என்று கேட்டறிந்து, போவதை வேறு வழியில் ஈடுசெய்வதே கடமையாகும்.

இன்று பெரிபெரி நம்மிடையே அரிதாகிவிட்டது. ஆயினும் அந்தப் பழைய தவறு ஒழிந்துவிடவில்லை. 2003-இல் இஸ்ரேலில், சோயாவால் செய்த குழந்தைப் பால்மாவு ஒன்றில் தயமின் சேர்க்கப்படாது போனமையால் பச்சிளங்குழந்தைகள் சில இறந்தன. நம் நாட்டிலோ வெண்மை மோகம் வேறு வடிவில் விலை கேட்கிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இதற்குத் தீட்டிய அரிசி ஒன்றே காரணமன்று. உடலுழைப்பின்மை, உடற்பருமன், இனிப்பு, பரம்பரை எனக் காரணங்கள் பல. ஆயினும் வயலில் உழைத்தவன் உண்ட அளவுச் சோற்றை நாற்காலியில் அமர்ந்திருப்பவன் உண்ணும்போது, அதுவும் நார்ச்சத்து முழுதும் நீங்கிய சோற்றை உண்ணும்போது, உடல் அதனை எவ்வாறு தாங்கும்?

இவ்வரலாறு முழுவதிலும் ஒன்று மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் காண்கிறோம். பெரிபெரியால் மாண்டவர்கள் கைதிகள், படைவீரர்கள், கூலிகள், மனநோயாளிகள், கைக்குழந்தைகள். அனைவரும் பிறர் இட்டதை உண்டவர்கள். அவர்கள் தட்டில் எது விழவேண்டும் என்பதை வேறு எவரோ, எங்கோ, விலையையும் வசதியையும் பார்த்து முடிவு செய்தனர். அவர்கள் தீயவர்கள் அல்லர். வயிறு நிறைந்தால் போதும் என்று எண்ணியவர்கள், அவ்வளவே.

இதழைக் கையிலேந்தியிருக்கும் நம்மில் பலர் விடுதிகளை நடத்துகிறோம். அநாதை இல்லங்களையும் முதியோர் இல்லங்களையும் மருத்துவமனைகளையும் பேணுகிறோம். குறைந்தபட்சம் ஒரு குடும்பத்திற்கேனும் அரிசி வாங்குகிறோம். மூட்டையை அவிழ்த்து, ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் பரப்பி, வெண்மை போதுமா என்று பார்ப்பது நம் வழக்கம். இனி அந்தக் கணத்தில், நம் கரண்டியை நம்பித் தட்டேந்தி நிற்பவர்களையும் சற்று நினைத்துப் பார்ப்போம். சோற்றோடு ஒரு கைப்பிடிப் பருப்பும் ஒரு கட்டுக் கீரையும் சேர்வதா, சேராததா என்பதை அவர்கள் அல்லர், நாமே முடிவு செய்கிறோம்.